விகடகவிக்கு ஒரு ஜோடி

‘விகடகவி’யைப் பின்னாலிருந்து வாசித்துப் பாருங்கள்; விகடகவியேதான் வருவார். இவ்விதம் அமைந்த செய்யுளுக்கு ‘மாலைமாற்று’ என்று பெயர். ஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். உயிர்களின் டி.என்.ஏ.யிலும் மாலைமாற்று உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வழி சற்று வேறு.

டி.என்.ஏ.யில் எழுத்துக்கள் நாலே நாலு: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். சுருக்கமாக அ, தை, கு, சை என்போம். இழைகளோ இரண்டு. ஓர் இழையில் ‘அ’ இருந்தால் எதிர் இழையில் ‘தை’. ‘கு’ இருந்தால் ‘சை’. ஓர் இழையை இடமிருந்து வலமாக வாசித்தால் மற்றதை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்.

ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கு அ அ தை தை சை’ என்று எழுதுங்கள். அதன் கீழே ஜோடி எழுத்துக்கள்: ‘சை தை தை அ அ கு’. இந்தக் கீழ் வரியை வலமிருந்து படியுங்கள். மேல் வரியே வருகிறதல்லவா? இதுதான் டி.என்.ஏ. மாலைமாற்று!

‘கு அ தை தை அ கு’ என்பது எப்படி? பார்வைக்கு அசல் விகடகவிதான். ஆனால் ஜோடியை எழுதினால் ‘சை தை அ அ தை சை’ என்று வருகிறது. எப்படிப் படித்தாலும் மேல் வரி வராது. ஆகவே இது போலி!

இது வெறும் எழுத்து விளையாட்டு அல்ல, உயிர்ப் போராட்டம். பாக்டீரியாவுக்குள் வைரஸ் தன் டி.என்.ஏ.யைச் செலுத்திக் கொல்லப் பார்க்கும். ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் சில வகைகள் ஒரு நொதியைக் கத்தரிக்கோலாக வைத்திருக்கின்றன. நாம் முதலில் எழுதிய ஆறெழுத்து எங்கே கண்டாலும் அது வெட்டிவிடும். அந்தக் கத்தரிக்கோலுக்கு ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாதிகள். பாதிக்கு ஓர் இழை. இரண்டு இழையிலும் ஒரே பாடம் இருந்தால்தானே வேலை நடக்கும்? சொந்த டி.என்.ஏ. வெட்டுப்படாதிருக்க, அங்குள்ள ஆறெழுத்துக்கு ‘மீதைல்’ என்ற பொட்டு வைத்துக் காப்பாற்றிக்கொள்கிறது பாக்டீரியா.

இப்படியொரு கத்தரிக்கோல் எந்த எழுத்துக்களில் வெட்டுகிறது என்பதை 1970-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹாமில்டன் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். 1978-ல் வெர்னர் ஆர்பர், டேனியல் நேதன்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை நீரிழிவுக்காரர்களுக்கு மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான் கதி. இத்தகைய கத்தரிக்கோல்களின் உதவியால் பாக்டீரியாவே மனித இன்சுலினைத் தயாரித்தது. 1982-ல் அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சரி, ‘அ அ கு சை தை தை’ மாலைமாற்றா, போலியா? பென்சில் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது!