நாக்குக்கு மட்டும் கூலி இல்லையோ?

வெள்ளித்திரையிலே ஒரு நடிகர் தமக்குத் தெரியாத மொழியைப் பேசித் தடுமாறும்போது, கலையைப் பார், உச்சரிப்பைப் பார்க்காதே என்று நமக்கு உபதேசம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். உடையில் ஒரு பொத்தான் காலத்துக்கு ஒவ்வாதிருந்தால் பதறிப்போகும் இவர்கள், பாத்திரத்தின் வாயிலிருந்து எந்த மனிதரும் பேசாத மொழி வரும்போது மட்டும் பெருந்தன்மை காட்டச் சொல்லுகிறார்கள். அந்தப் பெருந்தன்மை நம்மிடம் இல்லை.

2020ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபன்னி போய்' படத்தை எடுத்துக்கொள்வோம். சியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளியிட்ட நாவலைத் தழுவிக் கனடாவின் தீபா மேத்தா இயக்கிய படம் அது. கொழும்பிலே வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, 1983 ஜூலையின் தீயில் போய் முடிகிறது. தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றைத் தமிழ் பேசாதவர்களே ஏற்றிருந்தார்கள். முன்னோட்டத்தைக் கண்டதும் புலம்பெயர்ந்த தமிழர்கள், குறிப்பாகக் கனடாவில் உள்ளோர், இது எங்கள் மொழியல்ல என்று குரலெழுப்பினர். அதன் பின்னரே தமிழ் உரையாடல்களுக்கு மறுகுரல் கொடுக்கப்பட்டது. கொழும்பின் வசதி படைத்த தமிழ் வீடுகளில் ஆங்கிலம் புழங்கியது உண்மை. அதை நாம் குறைசொல்லவில்லை. (ஒஸ்கார் பரிசின் சர்வதேசப் படப் பிரிவுக்குக் கனடா அனுப்பிவைத்த இதனை, ஆங்கிலம் பாதிக்கு மேல் என்று அங்குள்ளோர் தள்ளிவிட்டனர் என்பது வேறு கதை.) ஆனால் அவ்வளவு குறைவாக ஒலிக்கும் தமிழ்கூட, கண்டனம் எழுந்த பிறகுதான் திருத்தப்பட வேண்டுமா? தமிழறிந்த காது எதுவும் கேட்கப்போவதில்லை என்ற கணக்கைத் தவிர இதற்கு வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

அப்படம் காட்டும் அதே ஜூலையில், பஸ்களை மறித்த காடையர் பயணிகளிடம் என்ன கேட்டார்கள் என்பதை உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லும்படி கேட்டார்கள். 'பால்திய' என்ற அச்சொல்லின் முதலொலி அதிர்ந்து ஒலிக்கும் பகரம்; தனித்தமிழ்ச் சொல் எதுவும் அவ்வொலியோடு தொடங்குவதில்லை, நம் நெடுங்கணக்கில் அதற்குத் தனியெழுத்தும் இல்லை. அந்த ஓரொலியில் நாக்கு இடறியவர்கள் கொல்லப்பட்டார்கள். உச்சரிப்பு அற்ப விஷயம் என்று இந்த நாட்டு மக்களிடம் சொல்ல வருகிறவர்கள் சற்று யோசித்துவிட்டு வரட்டும். பஸ்ஸை மறித்தவனிடம் இருந்த கூரிய காது, அந்த நாட்களைப் படமாக்குகிறவர்களிடம் இருக்க வேண்டாமா?

சென்னைக்கு வருவோம். 2000இல் வெளியான 'தெனாலி'யில் கமல்ஹாசன் ஈழத்து அகதியாக வந்து யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். இலங்கை வானொலியில் புகழ்பெற்ற பி. எச். அப்துல் ஹமீத் அவருக்குத் துணைநின்றார். பெருநடிகர் ஒருவர் மாணவராக உட்கார்ந்தது சிறிய காரியமன்று. அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆயினும் அத்தமிழ் எதற்குப் பயன்பட்டது? கண்டதற்கெல்லாம் அஞ்சும் ஒருவனின் வாயில் வைக்கப்பட்டு, அவனுடைய அச்சங்களின் நீண்ட பட்டியல் அரங்குக்கு விருந்தாயிற்று. அந்த ஆண்டில் இங்கே போர் நடந்துகொண்டிருந்தது. அஞ்சுவதற்கு எங்கள் மக்களுக்குக் காரணங்கள் குறைவாயிருக்கவில்லை. பார்த்தவர்களுள் எம்மவரும் சிரித்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. அதற்குப் பின் வந்தவர்கள் பலரிடம் அந்த உழைப்பு இல்லை, பாவனை மட்டும் இருந்தது. 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி', தமிழகத்துக்குத் தப்பிச் சென்ற ஈழக் குடும்பம் தன் பேச்சை மறைத்து வாழ நேர்வதையே கதைப்பொருளாக்கியது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வரவேற்கலாம்.

ஈழத்தமிழ் என்றால் சொல்லின் கடைசியை இழுத்துப் பாடி, இடையிடையே 'ஓம்' என்றும் 'கதைக்கிறது' என்றும் தூவுவது என்று திரையுலகத்தார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 'நான் நேற்று வந்தனான்' என்று எங்கள் மக்கள் சொல்லுவார்கள். திரையில் வருபவரோ 'வந்தேன்' என்பதையே நீட்டி முழக்குகிறார். தொல்காப்பியர் கூறிய மூன்று சுட்டுகளுள் உகரச் சுட்டைத் தமிழகத்துப் பேச்சு இழந்துவிட்டது. ஈழத்துப் பேச்சு இழக்கவில்லை. எதிரே நிற்பவர் கையிலிருப்பது 'உது'. அவர் பக்கத்தில் நிற்பவன் 'உவன்'. எத்தனை வசனகர்த்தாக்களுக்கு இது தெரியும்? 'வெற்றி', 'காற்று' என்பவற்றின் இரட்டை றகரம் இங்கே தமிழகத்தில் போல ரகரம் கலந்து உருளுவதில்லை. இவையெல்லாம் இலக்கணம், ஒரு நல்ல ஆசிரியரோடு சில கிழமைகள் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளக்கூடிய இலக்கணம்.

அதுவும் யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடுகிறது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நாம் எந்தத் திரையிலும் பேசியதாக நினைவில்லை. ஒரே வகுப்பறையில் மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் 'வாப்பா', 'உம்மா' என்று பேச, தம்பலகாமத்து வயற்காரரின் பிள்ளை வேறுவிதமாய்ப் பேசும். வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவரின் பிள்ளை ஒருவிதம், மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளை இன்னொருவிதம். யாழ்ப்பாணத்தில் 'பேந்து' என்பது மட்டக்களப்பில் 'மறுகா'. இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது எங்கள் பட்டினம். மட்டக்களப்புப் பேச்சு ஏட்டுத் தமிழுக்கு மிக நெருங்கியதென்று கமில் சுவலபில் எழுதினார். சினிமா முதலாளிகளுக்கு இந்த வேற்றுமைகள் தேவையில்லை. ஈழத்தவர் எல்லோருக்கும் ஒரே நாக்கு, அதற்கும் இரண்டு மூன்று சொற்கள், அவ்வளவே.

1960களின் தொடக்கத்தில், மக்களின் பேச்சு 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் பழித்தார்கள். கைலாசபதியும் சிவத்தம்பியும் முற்போக்கு எழுத்தாளரும் எதிர்த்து நின்று, உழைக்கும் மக்கள் கதைகளில் தத்தம் மொழியிலேயே பேசும் உரிமையை நிலைநாட்டினார்கள். அச்சிலே கிடைத்த அந்த உரிமை திரையிலே இன்னும் கிடைத்தபாடில்லை.

அப்படியானால் ஈழத்தவரே ஈழத்தவராக நடிக்கவேண்டுமா? நம்மவரில் சிலர் அவ்வாறு முழங்குகிறார்கள். நாம் உடன்படோம். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தில் நாயகனாக நடித்த ஷோபாசக்தி ஈழத்தவர். மனைவியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னையைச் சேர்ந்தவர். இயக்குநர் ஜாக் ஓடியார் பிரெஞ்சுக்காரர். ஆயினும் படத்தின் பெரும்பகுதி தமிழிலேயே நடக்கிறது. அகதிகளின் பிரெஞ்சு, வந்திறங்கியவர்களின் பிரெஞ்சாகவே உடைந்து உடைந்து வருகிறது. பிரசன்ன விதானகேயின் 'ஒப நத்துவ ஒப எக்க' (2012) படத்தில் தமிழ்ப் பெண்ணாக வந்த அஞ்சலி பாட்டீல் மராட்டியத்தவர். கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் அவருக்குக் கிடைத்தது. 1977இல் 'பொன்மணி'யை இயக்கிய தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக வாழ்ந்து அந்த மண்ணை அறிந்தவர். நாம் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை, வேலையைக் கேட்கிறோம். வாள்வீச்சுச் சொல்லிக் கொடுப்பவருக்குக் கூலி உண்டு, ஒப்பனைக்காரருக்கு உண்டு, குதிரைக்காரருக்கும் உண்டு. மொழி சொல்லிக் கொடுப்பவருக்கு மட்டும் ஒரு நன்றியும் ஒரு தேநீரும் போதுமா? படப்பிடிப்புக்கு முன்பே அவரை அழைக்கட்டும்; ஊதியம் கொடுக்கட்டும்; பெயரைத் திரையில் போடட்டும்; அவர் 'இது சரியில்லை' என்றால் காட்சியை மீண்டும் எடுக்கட்டும்.

குற்றம் அவர்கள் பக்கத்தில் மட்டும் இல்லை. சிங்களப் படத்தில் தமிழன் கொச்சைச் சிங்களம் பேசிச் சிரிப்பூட்டினால் நம் இரத்தம் கொதிக்கிறது. தமிழ்ப் படத்தில் சேட்டும் மலையாளத்து நாயரும் தமிழைக் கடித்துத் துப்பியபோது எத்தனை ஆண்டுகளாய் நம் அரங்குகள் கைதட்டின! 1972இல் 'குத்துவிளக்கு' போன்ற ஈழத்துப் படங்கள் வந்தன. தென்னிந்தியப் படங்களின் வெள்ளத்தில் அவை நின்றுபிடிக்க முடியவில்லை. சென்னைத் தமிழே சினிமாத் தமிழ் என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் எலும்புவரை இறங்கிவிட்டது. பாடசாலை நாடகத்துக்கு ஒத்திகை வைத்தால், மேடையேறிய கணத்திலேயே மூதூர்ப் பிள்ளை 'என்னங்க', 'சொல்லுங்க' என்று தொடங்கிவிடுகிறது. வீட்டிலே வாப்பாவோடு கதைக்கிற மாதிரியே கதை என்று சொன்னால், "அது நாடகத்துக்குச் சரிவருமா, சேர்?" என்று கேட்கிறது.