பெயரைச் சோதிக்காத நச்சுத்தன்மைச் சோதனை

தம்பானூரில் நாகர்கோவில் பேருந்திலிருந்து இறங்குபவர் சீந்தில் என்பதை அங்கே பேருந்துக்குக் காத்திருப்பவர் சிற்றமிர்து என்பார். ஆயுர்வேத நூல்களுக்கு அது குடூசி. வடநாட்டுத் தூள் பொட்டலங்களில் கிலோய். தாவரவியலில் டைனோஸ்போரா கார்டிஃபோலியா. ஒரு கொடிக்கு ஐந்து பெயர் இருப்பதால் எவருடைய கல்லீரலும் கெடப்போவதில்லை. ஒரே பெயருக்குள் இரண்டு செடிகள் புகுந்துகொள்வதே இடர். கேரளத்தில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வட இந்தியாவில் பல இடங்களில் அதே பெயர் வல்லாரையையும் குறிக்கும். சங்குபுஷ்பத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே.

கோவிட் காலத்தில் நோயெதிர்ப்பை நாடிப் பலரும் சீந்தில் குடித்தனர். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் கல்லீரல் பாதிப்புடன் வந்த 6 நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2021இல் வெளியானது. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் உட்கொண்டது சீந்தில்தானா, அதைப் போலத் தோன்றும் வேறொரு கொடியா என்பதை ஆய்வாளர்கள் உறுதிசெய்யவில்லை என்பதே மறுப்பின் சாரம். 2022இல் 13 மருத்துவ மையங்களின் 43 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வு வந்தது. சீந்தில் பாதுகாப்பானது என்றும், அதைக் கிரிஸ்பா என்னும் இனத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் அமைச்சகம் அவ்வாண்டு அறிவித்தது.

அமைச்சகம் எழுப்பிய வினா சரியானதே. ஆனால் அது ஒரு பக்கம் மட்டுமே வெட்டும் கத்தி அன்று. தீங்கைச் சொல்லும் கட்டுரையிடம் “எந்தச் செடி?” என்று கேட்பவர்கள், “பாதுகாப்பானது” என்று முடியும் எலி ஆய்வுகளிடமும் அதையே கேட்க வேண்டும். உள்ளூர்ச் சந்தையில் வாங்கப்பட்டது என்ற ஒரு வரியோடு மூலப்பொருளின் வரலாறு முடிந்துவிடும் ஆய்வேடுகள் குறைவல்ல. மேலும், கடைக்காரர் சீந்தில் என்று கொடுப்பதையே மக்கள் குடிக்கிறார்கள். அப்பெயருக்குள் கிரிஸ்பாவும் நுழைய முடியுமானால், அந்தக் குழப்பமே நச்சியலின் ஆய்வுப் பொருளாகிறது.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இப்பாடம் பிரசல்ஸில் மிகக் கொடிய விலைக்குக் கற்கப்பட்டது. அங்கே ஓர் உடல் எடைக் குறைப்பு மருத்துவமனை தந்த மாத்திரைகளில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்ததோ அரிஸ்டோலோகியா ஃபாங்சி. சீன மொழியில் முன்னது ஹான் ஃபாங்ஜி, பின்னது குவாங் ஃபாங்ஜி. வணிகத்தில் அடைமொழி உதிர்ந்து ஃபாங்ஜி மட்டும் எஞ்சியது. 1993இல் முதல் அறிக்கை வெளிவந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

அதே அரிஸ்டோலோகியா பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடிக்குத் தமிழர் ஆடுதீண்டாப்பாளை என்று பெயரிட்டனர். பெயரே ஒரு நச்சியல் குறிப்பு. அதன் உறவுக் கொடியான ஈசுவரமூலிக்கோ பெருமருந்து என்னும் பெயரும் உண்டு. ஆக, பெயரின் பொருளை மட்டும் நம்பவும் வழியில்லை.

ஓ.இ.சி.டி. 407 நெறிமுறைப்படி எலிகளுக்கு 28 நாள் மருந்து கொடுத்து, எஸ்.ஜி.பி.டி., யூரியா, கிரியேட்டினின் அளந்து, திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பது பயனுள்ள வேலைதான். ஆயினும் அது இளமையும் நலமும் உள்ள எலிகளைப் பற்றிய விடை. 2022 ஆய்வின் நோயாளிகள் பலரிடம் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியின் கூறுகள் காணப்பட்டன. அத்தகைய உடலை எலிக்கூண்டு காட்டித் தராது. சோதிக்கப்படுவது மெத்தனால் சாறாகவும் மக்கள் குடிப்பது நீரில் காய்ச்சிய குடிநீராகவும் இருந்தால் இடைவெளி இன்னும் விரியும்.

இந்தக் குறைகளை நீக்கப் பெரும் பொருள் வேண்டும். பெயர்க் குழப்பத்தை நீக்க அவ்வளவு வேண்டியதில்லை. விற்றவர் சொன்ன பெயரை அவர் மொழியிலேயே எழுதிக்கொள்வது, பறித்த இடத்தையும் பருவத்தையும் குறிப்பது, பூவோ காயோ உள்ள கிளையை உலர்த்திச் சான்று மாதிரியாகச் சேர்த்து அதன் எண்ணை ஆய்வேட்டில் அச்சிடுவது. தம்பானூரிலிருந்து செங்கோட்டைச் சாலையில் சென்றால் பாலோட்டில் ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரகம் இருக்கிறது. அம்மாதிரி எண் இல்லாத நச்சுத்தன்மை ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வுக்கே ஏற்கக் கூடாது. புறத்தேர்வாளர் கேட்க வேண்டிய முதல் வினா எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு என்பதன்று, அந்தக் கிளை இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது.