பனிக்கரடிக்கு மட்டும்தானா வெப்பம்?

பருவநிலை மாற்றம் என்றாலே உருகும் பனிப்பாறையும் மெலிந்த பனிக்கரடியும்தான் செய்திகளில் வரும். மட்கிய மரக்கட்டையில் படர்ந்து பாக்டீரியாவைத் தின்று வாழும் சளிப்பூஞ்சையை யாரும் படம்பிடித்துப் போடுவதில்லை. வெப்பம் ஓர் உயிரை என்ன செய்யும் என்பதை அதைவிட எளிதாகக் காட்டக்கூடியது வேறில்லை.

ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்ற மஞ்சள் நிற வகை, உள்ளங்கை அளவுக்குப் பரந்தாலும் ஒரே செல்தான். மூளை, நரம்பு எதுவும் கிடையாது. அதன் குழாய்களுக்குள் செல்திரவம் ஒரு நிமிடம்போல முன்னே பாய்ந்து, நின்று, பின்னே திரும்பும். முன்பாய்ச்சல் மிஞ்சும் பக்கமாக உடல் நகரும். மணிக்கு ஓரிரு சென்டிமீட்டர் போனாலே பெரிது.

ஜப்பானில் தோஷியுகி நகாகாகி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. 26 டிகிரியில் ஈரக்காற்றில் ஊர்ந்துகொண்டிருந்த ஃபைசாரத்தைப் பத்து நிமிடம் 23 டிகிரிக்கும் வறண்ட காற்றுக்கும் மாற்றினார்கள். ஊர்வது மந்தமானது. சீரான இடைவெளியில் மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, நான்காம் முறை சும்மா இருந்தார்கள். அந்த நேரம் வந்ததும், குளிர் வராமலேயே பல செல்கள் வேகத்தைக் குறைத்தன!

டிக்டியோஸ்டீலியம் என்ற இன்னொரு வகை இன்னும் நுட்பமானது. ஒரு சென்டிமீட்டருக்கு 0.05 டிகிரி வேறுபாடு இருந்தாலே போதும், திசையை மாற்றிக்கொள்ளும் என்று ஜான் டைலர் பானர் 1950இலேயே காட்டினார்.

வெப்பம் செல்லை ஏன் இப்படிப் பாதிக்கிறது? ஒரு காரணம் சவ்வு. செல்லைச் சுற்றியுள்ள அது கொழுப்பால் ஆனது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல அது குளிரில் இறுகும்; சூடு ஏறினால் இளகிக் கசியும். ஈடுகொடுக்க, குளிரில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களைக் கூட்டியும் சூட்டில் குறைத்தும் செல்கள் சவ்வைப் பதப்படுத்திக்கொள்கின்றன. ஈ.கோலை பாக்டீரியாவில் 1974இல் இதை விளக்கியவர் சினென்ஸ்கி. ஆனால் இந்த வேலைக்கு அவகாசம் வேண்டும். திடீரென்று வரும் வெப்ப அலை அதைத் தருமா?

பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் இந்தக் கேள்வியைப் பொதுமக்களிடமே கொண்டுபோனது. ஆட்ரி டுஸ்டூர் தலைமையில் 2022இல் ஆயிரக்கணக்கானோர் வீட்டிலேயே ஃபைசாரத்தை வளர்த்து, வெப்பம் அதை என்ன செய்கிறது என்று அளந்தார்கள். தீனி, சாதாரண ஓட்ஸ்.

நம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலோ ஆண்டுதோறும் அதே எரிமலை மாதிரிதான் பொங்குகிறது. ஈரத்தாள், ஓட்ஸ், வெப்பமானி, இருட்டான ஒரு மூலை இருந்தால் சளிப்பூஞ்சையை வளர்த்துவிடலாம். அடுத்த கண்காட்சியில் அதற்கு ஒரு மேசை ஒதுக்குங்கள், ஆசிரியர்களே.