மலைக்காட்டின் சாட்சி கண்மாய்ச் சேற்றில்

மழை வடிந்த மறுநாள் கோவில்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு கண்மாய்க்கரையில் நடந்து பாருங்கள். கரிசல் சேறு காயத் தொடங்கும்போது, வேப்பிலை ஒன்று ஓரத்துப் பல்கூடக் கலையாமல் அச்சுப் பதிந்து கிடக்கும். கொஞ்சம் தள்ளி, ஓடை வந்து விழும் இடத்தில் ஒரு கட்டை. பட்டை உரிந்து, கிளை முறிந்து, எந்த ஊர் மரமோ! இலை கரையிலேயே உதிர்ந்தது, கட்டை எங்கிருந்தோ வந்தது. இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காட்டைத் தேடுகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் பௌர்ணமியன்று போகிறவர்கள் பலரும் வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். அதே ஊரில்தான் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டு வயதான மரங்கள். பார்த்தால் மரம், தொட்டால் கல்.

பேத்தியோடு போயிருந்தேன். “அப்போ இங்க பெரிய காடு இருந்துச்சா தாத்தா?” என்றாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவசரம்! அப்புறம்தான் கவனித்தேன். வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. எல்லாம் படுத்தே கிடக்கின்றன, நம் ஓடைக்கட்டை மாதிரியே. எங்கோ வளர்ந்த மரங்களை வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தது என்றுதான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். நீரில் கரைந்திருந்த சிலிக்கா உள்ளே ஊறி, நார் நாராகக் கல்லாக்கிவிட்டது. கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இனம் தெரியும். இந்தக் கடலூர் மணற்கல்லில் குங்கிலியக் குடும்பத்து மரங்களும் கிடைத்திருக்கின்றன. அந்தக் குடும்பத்து நெட்டை மரங்களை இன்று பார்க்க, பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குத்தான் போகவேண்டும். அதற்காக இவை மலையிலிருந்துதான் வந்தன என்று சொல்லிவிடவும் கூடாது. அந்தக் காலத்தில் சமவெளியிலும் நல்ல மழை பெய்திருக்கலாம் அல்லவா?

சிக்கல் இதுதான். மேடு கரையும், பள்ளம் சேர்த்துவைக்கும். மேட்டில் உதிர்ந்த இலை மக்கி, மண்ணோடு போய்விடும். அதனால் மேட்டுக்காட்டின் கதையைப் பள்ளத்துச் சேற்றில் தேட வேண்டியிருக்கிறது. அடிபட்ட கட்டையாகவோ, காற்றில் வந்த மகரந்தமாகவோ அது அங்கே வந்து சேர்ந்திருக்கும். மகரந்தத்தின் மேலோடு லேசில் அழியாது. ஒரே பாறையில் முழு இலை ஒரு மரத்தையும், மகரந்தம் வேறொரு மரத்தையும் காட்டினால், முதலாவது கரைவாசி, மற்றது தூரத்து விருந்தாளியாக இருக்கலாம்.

நீலகிரி இதற்கு விலக்கு. அங்கே மலைமேலேயே சதுப்பு இருப்பதால், 20,000 ஆண்டுக் கதை அந்தக் கரிமண்ணிலேயே தங்கியிருக்கிறது. மழை குறைந்தபோது புல் பரவியதும், கூடியபோது மரம் பெருகியதும் 1993-ல் ஆய்வாக வெளிவந்தது.

பேத்தியிடம் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். “அப்போ நம்ம கண்மாய்ச் சேத்துல என்ன இருக்கும்?” என்று அடுத்ததைத் தொடங்கினாள். மேலே சீமைக்கருவேல் இருக்கும். அது வெளிநாட்டிலிருந்து வந்து ஒன்றரை நூற்றாண்டுதான். அதற்குக் கீழே? கோடையில் கரம்பை அள்ள வெட்டும்போது பார்க்கலாம் என்றேன். வெறுங்கண்ணுக்கு மகரந்தம் தெரியாது என்றும் சொல்லிவிட்டேன். பூதக்கண்ணாடி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள்.