சங்க மறுப்பா, தலைமை மறுப்பா?

தொழிலாளர் சங்கங்களை விட்டு விலகுகின்றனர். கூட்டுணர்வு குன்றித் தன்னலம் மேலோங்கிவிட்டது என்னும் கருத்து அறிஞர் சிலரிடையே முடிந்த முடிபாக நிலவுகிறது. இம்முடிபு ஏற்புடையதன்று. விலகுதலைக் கண்டோர், எதிலிருந்து விலகினர் என வினவத் தவறினர்.

2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில் நிகழ்ந்த போராட்டம் இதற்குத் தக்க சான்றாகும். கண்ணன் தேவன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களுள் பெரும்பாலோர் தமிழர். அன்று அவர்தம் நாட்கூலி 232 ரூபாய். முந்தைய ஆண்டு 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்படவே, அவர்கள் வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தனர். இவர்கள் சங்கம் அறியாதவர் அல்லர். பல்லாண்டுகளாகச் சங்க உறுப்பினராய் இருந்தோரே மிகுதி. எனினும் சங்கத் தலைவர்களைத் தம் களத்தில் அவர்கள் அண்டவிடவில்லை. ஒன்பது நாட்களில் போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 என 20 விழுக்காட்டையும் பெற்றனர்.

இதனைச் சங்க மறுப்பு எனல் பொருந்துமா? பழைய சங்கங்களை விலக்கியோர் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டனரே! 'ஒருமை' இலக்கணத்தில் எண்ணைக் குறிக்கும். ஒன்றுபட்டு நிற்றலையும் அச்சொல் சுட்டும். எழுத்தறிவு மிக்கோர் 'ஒருமை'யைத் தன்னலமெனப் படிக்க, கொழுந்து பறிப்போர் அதனை ஒற்றுமையெனப் படித்தனர்.

அவ்வமைப்பு பின்னர்ப் பிளவுற்றது. 500 ரூபாய் கோரிய கூலி 301 ரூபாயில் நின்றது எனச் சிலர் மறுப்புரைப்பர். உண்மையே. ஆயினும் பிளவு காணாத சங்கம் எது? ஓர் அமைப்பு தளர்ந்தமையால் அதனைத் தோற்றுவித்த வேட்கை பொய்யாகிவிடாது.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, வாடியா, திரு.வி.க. முதலிய புறத்தார் தலைமை தாங்கினர். ஆலைக்கு வெளியே நின்று பேசவல்ல ஒருவர் அன்று தொழிலாளர்க்குத் தேவைப்பட்டார். மூணாற்றுப் பெண்களோ தாமே பேசினர். மாறியது கூடும் விருப்பமன்று; தமக்காகப் பிறர் பேசுதலை ஏற்கும் மனப்பாங்கே.

எனவே, உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தமையை மட்டும் காட்டித் தொழிலாளரைக் குறைகூறுதல் ஆய்வாகாது. சங்க மேடைகளில் பெண்களுக்கு இடமின்றிப் போனது ஏன் என்பதே முதற்கண் எழுப்பவேண்டிய வினா. தலைவர் வரலாற்றையே தொழிலாளர் வரலாறாகக் கொள்ளும் வழக்கத்தை நாமும் கைவிடல் வேண்டும்.