சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடாதீங்க

1/ கிளினிக் லேப்டாப்பில் பிட்லாக்கர் போட்டாச்சு, நோயாளிகளின் ரிப்போர்ட் பத்திரம் என்று நிம்மதியாக இருக்கும் டாக்டர்களே, அந்த 48 இலக்க ரெக்கவரி கீ எங்கே?

2/ லேப்டாப் அடியில் ஒட்டியிருந்தால், திருடனுக்குப் பெட்டியோடு சாவியும் இலவசம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தால், அது ரகசியமே இல்லை.

3/ எங்கேயும் இல்லையா? மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம். தொலைந்த கீயை மைக்ரோசாஃப்ட்டாலும் உருவாக்கித் தர முடியாது.

4/ "அப்போ என்கிரிப்ஷனே வேண்டாம்"னு சொல்லாதீங்க. மாத்திரை சாப்பிட மறக்குதுன்னு மருந்தையே நிறுத்துவீங்களா?

5/ இன்னைக்கே ரெண்டு பிரிண்ட் எடுங்க. ஒண்ணு வீட்டு பீரோவில், இன்னொண்ணு பேங்க் லாக்கரில். லேப்டாப் பையில் வேண்டவே வேண்டாம்.

6/ உள்ளே இருப்பது நம்ம ரகசியம் இல்லை, நம்மை நம்பி வந்தவங்க ரகசியம். அலட்சியம் காட்ட நமக்கு உரிமை கிடையாது.