ஆரத்தியைச் சிவக்கவைக்கும் சுண்ணாம்பு, கண்ணில் பட்டால் என்ன ஆகும்? | வீட்டுக்குள்ளே கெமிஸ்ட்ரி

மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் போதும்... செக்கச்செவேலென்று ஆரத்தி தயார்! மணமக்களுக்குச் சுற்றும் அந்தத் தட்டில் நடப்பது, பள்ளி லேபில் செய்யும் அதே அமில, கார சோதனைதான். அங்கே லிட்மஸ் தாள் செய்யும் வேலையை இங்கே மஞ்சள் செய்கிறது.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி, அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். காரம் சேர்ந்தால் சிவந்துவிடும். வெள்ளைச் சட்டையில் சிந்திய சாம்பார்க் கறை, சோப்பு போட்டதும் சிவப்பாவது இதனால்தான். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். வெயிலில் காயவைத்தால் கறை மங்கும்.

7-தான் நடுக்கோடு

இங்கே 'காரம்' என்பது மிளகாய்க் காரம் அல்ல. சோப்பு, சோடா உப்பு, சுண்ணாம்பு போன்றவற்றின் குணம். அமிலம், காரம் இரண்டையும் அளக்கும் pH என்ற அளவுகோலை, 1909-ல் டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் அறிமுகப்படுத்தினார். சுத்தமான தண்ணீர் 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணுக்கும் 10 மடங்கு வித்தியாசம். தக்காளி சுமார் 4, எலுமிச்சை சுமார் 2. அதாவது, தக்காளியைவிட எலுமிச்சையில் அமிலத்தன்மை சுமார் 100 மடங்கு அதிகம்!

கிச்சனில் நண்பன்

புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். குத்துவிளக்கு பளபளக்கும் ரகசியம் இதுதான். இதே காரணத்தால்தான் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது. செம்பு கரைந்து குழம்பில் இறங்கும். ஊறுகாயை ஜாடியில் வைப்பதும் இதற்காகவே. கொண்டைக்கடலை சீக்கிரம் வேக சோடா உப்பு உதவும். ஆனால், அதிலுள்ள வைட்டமின் பி1 வீணாகும்.

சுண்ணாம்பு பாக்கெட்... உஷார்!

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பின் pH 12-ஐத் தாண்டும். சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டைக் குழந்தைகள் விளையாட்டாக அழுத்த, அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து.

அமிலம் பட்டால், கண்ணின் மேல்பரப்பில் உள்ள புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் அப்படி நிற்காது. திசுக்களைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். கருவிழி வெளுத்து, பார்வையே பறிபோகலாம்.

பாத்ரூமில் இந்தக் கூட்டணி வேண்டாம்

ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் 'டபுள் சுத்தம்' என்று நினைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ர நகர் அருகே ஜெர்மனி ஆயுதமாகப் பயன்படுத்தியதும் இதே வாயுதான். கதவைச் சாத்திய சின்ன பாத்ரூமில் இது நுரையீரலையே பாதிக்கும்.

விபத்து நடந்தால்...

* கண்ணில் பட்டால், இமைகளை நன்றாகத் திறந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவுங்கள். பிறகு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். எரிச்சல் குறைந்தாலும், இமைக்கு அடியில் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருக்கலாம்.

* 'காரத்துக்கு அமிலம்தானே மருந்து' என்று எலுமிச்சை பிழியவே கூடாது. தாய்ப்பால், எண்ணெயும் வேண்டாம்.

* ஆசிட்டை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும் வழியில் தொண்டையை மறுபடி புண்ணாக்கும். 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

* வாயு நெடி வந்தால் உடனே வெளியேறி, நல்ல காற்றுள்ள இடத்துக்கு வாருங்கள். மூச்சுத்திணறலோ விடாத இருமலோ இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* கூல் டிரிங்ஸ் பாட்டில்களில் ஆசிட், பினாயில் ஊற்றி வைக்காதீர்கள்.

இன்றைக்கே வீட்டில் ஒரு வேலை செய்யலாம். தாத்தா, பாட்டியின் வெற்றிலைப்பெட்டியில் சுண்ணாம்பு பாக்கெட் இருந்தால், இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான்... ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்றும்!